தண்ணீர் இல்லாத ஆழத்தில்

முதலில் எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல்தான் பொறாமை வந்தது. செங்கல் கட்டடம் ஒன்றைப் பார்த்து வயிறெரிந்த ஆம்பிளை லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அது நிற்கிறது. வீட்டில் குளியலறை இல்லாத காலத்துச் சனங்களுக்காகக் கட்டிய பொதுக் குளியல் மண்டபம். உள்ளே பெரிய நீச்சல் தடாகம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதைப் 'பாத்ஸ்' என்றுதான் சொல்வார்கள். ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல், இரண்டுக்கும் மேலே கல்லில் வெட்டிய எழுத்து. வியாழன் மாலையில் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். என் மனைவி நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அங்கே போய் நீந்தப் பழகினாள்.

போய்விட்டு வரும்போது தலையில் ஈரம், உடம்பில் குளோரின் மணம், முகத்தில் ஒரு சிரிப்பு. யாரும் எதுவும் சொல்லாமல் தானாக வந்த சிரிப்பு. நான் பேர்போன பகிடிக்காரன். கலியாண வீட்டில் மட்டுமல்ல, செத்தவீட்டில்கூட என்னைச் சுற்றி நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். இத்தனை வருடமாக நான் விட்ட பகிடிகளில் ஒன்றுக்குக்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. வெறும் தண்ணீர், அதுவும் நகரசபைக் கவுன்சில் தண்ணீர், அதைச் செய்துவிட்டது.

கொரோனாவுக்கு மூடிய பாத்ஸை, கூரை ஒழுகுகிறது, கொதிகலன் பழுது என்று சொல்லிக் கவுன்சில் திரும்பத் திறக்காமலே விட்டது. நான் வாயால் "சீ, அநியாயம்" என்றேன். மனதுக்குள் பாயசம் காய்ச்சினேன். வியாழக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன.

பிறகு பாத்ஸைக் காப்பாற்ற ஒரு குழு தொடங்கியது. என் மனைவி சேர்ந்தாள். வெள்ளைக்காரக் கிழவிகளோடு தேநீர் குடித்து, தெருவில் துண்டுப்பிரசுரம் கொடுக்கிற வேலைதானே, நடக்கட்டும் என்று இருந்தேன். அந்தக் குழுவுக்குள் சுவிஸ்காரர் வந்தார்.

எங்கள் தமிழாள்தான். சுவிஸில் கனகாலம் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டன் வந்தவர். டைல்ஸ் பதிக்கிற தொழில். அங்கே ஏரிகளில் நீந்தித் திரிந்தவராம். தோள் இரண்டும் இரட்டைக் கதவு போல இருக்கும். அவருக்கு மனைவி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், மாதம் தவறாமல் கோயிலுக்கும் போகிறார். இந்த விவரங்களை எல்லாம் என் மூளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டது.

வீட்டில் சாப்பாட்டு நேரங்களில் அவர் வராமலே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இஞ்சேருங்கோ, சுவிஸ் அண்ணை அந்த உடைஞ்ச டைல்ஸ் எல்லாம் தானே பதிச்சுத் தாறாராம்."

"நல்லது."

"சுவிஸ் அண்ணை சொல்லுறார், குளிர்த் தண்ணிக்குள்ள நீந்தினா மூட்டுவலி கிட்ட வராதாம்."

"அவருக்கு மூட்டே இல்லைப் போல."

"உங்களுக்கு எல்லாம் பகிடி."

அண்ணை என்றுதானே சொல்கிறாள், சும்மா இரு என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன். ஆனால் கலியாணத்துக்கு முன் அவள் என்னையும் அண்ணை என்றுதான் கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்தில் பாதிக் காதல் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. ஆகவே அந்தச் சொல்லில் எனக்கு ஓர் ஆறுதலும் இல்லை.

கவுன்சிலுக்கு முன்னால் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று, முன்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே பிளாட் கட்டுவது. மற்றது, குழுவின் கையில் கொடுத்துத் தடாகத்தைத் திரும்பத் திறப்பது. முடிவெடுக்க முன் அயலவர்களின் எண்ணத்தை அறிய ஒரு சனிக்கிழமை எல்லாரையும் உள்ளே அழைத்தார்கள். நான் பஸ் ஓட்டுகிறவன். ஷிப்டை மாற்றிக்கொண்டு போனேன். மனைவிக்குத் துணையாகப் போகிறேன் என்று சொன்னேன். உண்மையில் பிளாட்டுக்குக் கை தூக்கப் போனேன். பாத்ஸ் போனால் குழு போகும், குழு போனால் சுவிஸ்காரர் போவார். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

தடாகம் வற்றிக் கிடந்தது. கண்ணாடிக் கூரையால் விழுந்த வெளிச்சத்தில் வெள்ளை டைல்ஸ் பல் இளித்தது. கவுன்சிலில் இருந்து வந்த இளம்பெண் மைக்கைப் பிடித்தாள். எல்லாரும் தடாகத்துக்குள் இறங்க வேண்டுமாம். பிளாட் வேண்டும் என்பவர்கள் ஆழம் குறைந்த பக்கத்தில் நிற்கவேண்டும், தடாகம் வேண்டும் என்பவர்கள் ஆழப் பக்கத்துக்குப் போகவேண்டும். மேலே இருந்து படம் எடுத்துக் கவுன்சிலர்களுக்குக் காட்டுவார்களாம்.

எனக்கு அதைவிட வசதி வேறென்ன? நான் நீந்தத் தெரியாதவன். சுற்றவரக் கடல் உள்ள இடத்தில் பிறந்தும் கணுக்காலுக்கு மேல் அதோடு பழகாதவன். ஏணியால் இறங்கிக் கரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு பிளாட் பக்கத்தில் நின்றேன்.

மனைவி ஆழப் பக்கம் நடந்தாள். தரை சரிவாக இறங்குகிற இடத்தில் அவளுடைய கால் கொஞ்சம் வழுக்கியது. சுவிஸ்காரர் முழங்கையைப் பிடித்தார்.

"பாத்து, தங்கச்சி."

பிடித்தார், விட்டார். அவ்வளவுதான். ஆனால் அவர் விடுவதற்குள் என் கால்கள் என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டன.

சரிவு தொடங்கிய இடத்தில் சுவர்கள் உயரத் தொடங்கின. இடுப்பளவு, நெஞ்சளவு, பிறகு தலைக்கு மேல். தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை முழங்காலுக்கு யார் சொல்வது? நெஞ்சு அடித்தது. காது அடைத்தது. லண்டன் தெருவில் இரண்டு தட்டு பஸ்ஸை வளைத்துத் திருப்புகிறவன், ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாத குழியின் நடுவில் கன்னம் இரண்டையும் ஊதிக்கொண்டு, கைகளால் காற்றை விலக்கிக்கொண்டு நின்றேன். பிறகு நிற்கவும் முடியவில்லை. குந்திவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி, நான் பழைய பாத்ஸை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி முதுகைத் தடவினாள்.

சுவிஸ்காரர் ஓடிவந்தார்.

"அண்ணை, மூச்சை விடுங்கோ. தண்ணி இல்லை."

என்னைவிட மூத்தவர் என்னை அண்ணை என்கிறார். அந்த நிலையிலும் அதைக் கவனித்தேன்.

"தெரியும்!" என்றேன்.

"தெரிஞ்சா ஏன் மூச்சைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறியள்?"

மனைவி வந்து குனிந்து பார்த்தாள். "நெஞ்சு நோகுதோ?"

"இல்லை."

"அப்ப என்னப்பா?"

"தாழுறன் போல கிடக்கு."

சுவிஸ்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரை வெறுக்க வசதியாக இருந்திருக்கும். கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்து என்னை நிமிர்த்தினார். "வாங்கோ, மற்றப் பக்கம் கொண்டுபோய் விடுறன். உங்கட பக்கம் அதுதானே?"

"ஆர் சொன்னது?"

"நான்தான்," என்றாள் மனைவி. "நீங்கள் பிளாட் பக்கம் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். ஒளிக்கத் தெரியாத மனுசன்."

மைக்கில் அந்தப் பெண், படம் எடுக்கப் போகிறோம், இடத்தில் நில்லுங்கள் என்றாள். நான் ஏறிப்போனால் மூச்சு வரும். ஆனால் படத்தில் நான் மேட்டில் தனியாகவும் அவர்கள் இருவரும் பள்ளத்தில் பக்கத்துப் பக்கத்திலும் நிற்பார்கள். கவுன்சில் முழுக்கப் பார்க்கும்.

"ஏலாது," என்றேன். "நான் இஞ்சதான் நிக்கிறன்."

இருவருக்கும் நடுவில் புகுந்து, ஒரு கையால் அவளையும் மறு கையால், வேறு வழியில்லாமல், அவரையும் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் எடுத்தார்கள். இப்படியாக ஒரு பழைய நீச்சல் தடாகத்துக்கு என்னுடைய பொறாமை வாக்களித்தது.

ஆழப் பக்கம் நிரம்பி வழிந்ததைக் கவுன்சிலர்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டடத்தைக் குழுவிடம் கொடுக்கிறோம் என்று அறிவித்தார்கள். இப்போது கூரையில் சாரம் கட்டி வேலை நடக்கிறது. பஸ் ஓட்டிக்கொண்டு அந்த வழியால் போகும்போதெல்லாம் திறக்க இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்கிறேன்.

போன கிழமை மனைவி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே சொன்னாள். "அண்டைக்கு நீங்கள் எனக்காகத்தானே அவ்வளவு பயத்தோட ஆழத்துக்கு வந்தனீங்கள்?"

"ஓம்," என்றேன். முழுப்பொய் என்று அதைச் சொல்ல முடியாது.

"சுவிஸ் அண்ணையிட்டக் கேட்டனான். திறந்த உடன உங்களுக்கு நீந்தப் பழக்கிறாராம்."

"அவரோ? வேண்டாம். நீர் பழக்கும்."

"நானோ?" கத்தியை நிறுத்தினாள். "உங்களைத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டா, நான் எப்பவப்பா நீந்துறது?"

கோபமாகச் சொல்லவில்லை. மிகச் சாதாரணமாக, தேங்காய்ப்பால் முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அந்தக் கேள்விக்குள் சுவிஸ்காரர் எங்கே இருக்கிறார் என்று நன்றாகத் தேடிப் பார்த்தேன். அவர் இல்லை. நானும் இல்லை. அவளும் தண்ணீரும் மட்டும் இருந்தார்கள். தோள் அகலமான மனிதரென்றால் ஏதாவது பகிடி விட்டுச் சமாளிக்கலாம். தண்ணீரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அடுத்த நாள் பஸ் டிப்போவில் இருந்து நானே சுவிஸ்காரருக்குப் போன் எடுத்தேன். மூக்குக்குள் தண்ணீர் போகாமல் இருக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு அண்ணை," என்றார். "ஆனா அதைக் கரையில நிண்டு காட்ட ஏலாது."