கூரைக்காக ஓர் ஏலம்

எங்கள் மாதா கோயிலின் பழுதடைந்த கூரையைத் திருத்துவதற்காக, ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடந்தது. மேசையில் கட்டியிருந்த சேவல் கூவியதும் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

அன்றும் கூரைக்கான ஏலம்தான். தங்கைக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது, அவள் வளர்த்த சேவலை அம்மா மாதாவுக்கு நேர்ந்திருந்தார். சுகமான தங்கை அதை நெஞ்சோடு அணைத்து, இறகுக்குள் முகம் புதைத்து அழுதுகொண்டு நின்றாள். களப்பில் இறால் பிடிக்கும் அப்பா, ஏலத்துக்கு வந்த அந்தச் சேவலுக்குத் தயங்கித் தயங்கி ஒரு விலை கேட்டார். அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. பல படகுகள் வைத்திருந்த சம்மாட்டியார்கூட வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாதா கோவிப்பாவோ அப்பா?" என்றாள் தங்கை.

"அவாவுக்குக் கூரைதான் வேணும் பிள்ளை, சேவல் இல்லை."

வீடு வரும்வரை அவள் சேவலை இறக்கிவிடவே இல்லை.

சில ஆண்டுகளின் பின், இடம்பெயர்ந்த வழியில் விழுந்த ஒரே எறிகணையில் அப்பா, அம்மா, தங்கை மூவரும் போய்விட்டார்கள்.

"அக்கா, நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?" என்று இன்று ஏலம் கூறிய இளைஞன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"கூரைக்குக் காசு தாறன் தம்பி. சேவலைக் கொண்டுபோய் நான் ஆரிட்டைக் குடுக்கிறது?"