சும்மா வந்த சிடி

முத்தையாபுரத்தில் என் மகள் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், துறைமுகத்தில் வேலை கேட்டு மனு, எல்லாம் அடித்துக் கொடுப்பாள். யாரிடமும் கையேந்தாமல் வளர்த்த பிள்ளை. அதில் எனக்கு ஒரு நிமிர்வு உண்டு.

திடீரென்று ஒரு வாரமாக ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

“யம்மா, நம்ம மிஷின்ல இருக்க சாஃப்ட்வேர் பூரா காசு கட்டாத காப்பி. டவுன்ல ரெய்டு வந்து ஒரு கடையில கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்.”

அசலை வாங்க எங்களுக்கு வழியில்லை. அப்போதுதான் மிஷின் ரிப்பேர் பார்க்கிற காயல்பட்டினத்துக்காரர் பைக்கில் வந்து ஒரு சிடி கொடுத்தார். கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்கிற சாஃப்ட்வேராம். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; மகளும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“எவ்வளவு?” என்றேன்.

“சும்மாதாம்மா. நாலு பேருக்குக் காப்பி போட்டும் குடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க.”

“சும்மா குடுக்க அவங்களுக்கு என்ன தலையெழுத்து?”

ஏதோ குளிர் தேசத்தில் ஒரு மாணவன் தன் மிஷினுக்கென்று எழுதத் தொடங்கினானாம். பூட்டி வைக்காமல் திறந்து போட்டானாம். முகம் தெரியாதவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்தார்களாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சும்மா வந்ததைத் தொடவும் மனம் வரவில்லை.

மகள் அதை ஏற்றினாள். தமிழ் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. பெண்ணுக்குப் பத்திரிகை அடிக்க வந்த அண்ணாச்சி தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“ஏளா, கட்டம் ஜாதகத்துல இருக்கட்டும். பத்திரிகையில மாப்பிள்ளை பேருல்லா வேணும்!”

எதிரே இருந்த இன்னொரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய்விட்டார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

“பழசையே போடு ஏளா. எதிர்க்கடைக்காரனும் அதே காப்பியத்தான் வச்சிருக்கான், பயப்படுதானா?” என்றேன்.

“கையேந்தக் கூடாதுன்னு வளத்தது நீதானம்மா? திருடுனத மட்டும் வச்சுக்கிடலாமா?”



இன்டர்நெட்டில் யார் யாருக்கோ எழுதிக் கேட்டு, பல நாள் போராடித்தான் தமிழைக் கொண்டுவந்தாள். எங்கள் தெருவில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டோம். காக்காவுக்கு முந்திரிக்கொத்து செய்து வைத்தேன். ஒன்றைக் கடித்துக்கொண்டே கேட்டார்:

“இது எனக்கு. சிடி எழுதுனவங்களுக்கு என்ன?”

“குடுத்தாச்சு காக்கா,” என்றாள் மகள். தமிழைச் சரிசெய்த விதத்தை எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி அவர்களுக்கே அனுப்பியிருந்தாள். அதன் பிறகுதான் அந்தச் சிடியை நான் கையால் தொட்டேன்.

ஒருநாள் சோதனைக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. எதிர்க்கடை ஷட்டர் தடதடவென்று இறங்கியது. எங்களுடையது முழுசாக ஏறியிருந்தது. எதிர்க்கடைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை; உள்ளே டைப் அடிக்க வந்தவர் ஒருவரும் இல்லை. மகள் நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.