பதினொரு வாத்துகளும் ஒரு சத்தியமும்

வீட்டுக்குள் பைனாகுலர் வந்த நாளிலிருந்துதான் தம்பிக்குக் கல்யாணம் தட்டிப்போகிறது என்று அப்பா உறுதியாக நம்பினார். அதற்கு முன்னாலும் ஒன்றும் கூடி வந்துவிடவில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளின் மேல் பழியைப் போடுவதில் அப்பாவுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

தம்பி என்றால் என் சித்தப்பா. சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் கிளார்க். வாரத்தில் ஆறு நாள் பட்டா, சிட்டா, அடங்கல் என்று தலையைக் குனிந்து எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்க்கிற மனிதர். கடையநல்லூர்க்காரச் சிநேகிதர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பைனாகுலர் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் பெருகிவிட்டால், மார்கழியிலும் தையிலும் ஞாயிறு விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். குளத்து நாமக்கோழி, ஊசிவால் வாத்து, கரிசல் காட்டின் மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்து எல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் ஏறும்.

முதல் சம்பந்தம் அதனாலேயே போயிற்று. மாப்பிள்ளை குளக்கரையில் மணிக்கணக்காகக் கொக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம், புத்தி நல்லபடியாக இருக்கிறதா என்று பெண் வீட்டார் கேட்டு அனுப்பினார்கள். இரண்டாவது சம்பந்தக்காரர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை, பேசாமல் இருந்துவிட்டார்கள். மூன்றாவது ஒன்று ஜாதகம் பொருந்தி வந்தபோது அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“இதுவும் ஒன் கண்ணாடியால கெட்டுதுன்னா, மறுநாளே அதக் கடையநல்லூருக்குத் திருப்பி அனுப்பிருவேன், பாத்துக்கோ.”

பெண்ணின் போட்டோ வந்து சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. தை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போவதாக முடிவாகியிருந்தது. நானும் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். ஸ்டுடியோத் திரைக்கு முன்னால் யாரையோ முறைத்துக்கொண்டு ஒரு முகம் நின்றது. அந்த முகத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. பைனாகுலர் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் பங்கு உண்டு. எனக்கு அப்போது பத்து வயது. சைக்கிள் கேரியரில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போவேன். நாமக்கோழிகளைத் தப்பில்லாமல் எண்ணுகிற கெட்டிக்காரி என்பதால்தான் சித்தப்பா என்னைக் கூட்டிப்போகிறார் என்று நினைத்திருந்தேன். “தனியா நின்னு கண்ணாடி வச்சுப் பாத்தா எவனாவது தப்பா நெனச்சு அடிச்சிருவான் தம்பி, பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க” என்று அம்மா அவரிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

சித்தப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. “ஏட்டி, எப்பவும் வெயில முதுகுக்கு வச்சுக்கிட்டு நில்லு. மூஞ்சில வெயில் அடிச்சா பறவையோட நெறம் தெரியாது.” இன்னொன்றும் உண்டு. வெள்ளைச் சட்டை போடக் கூடாது, பறவை மிரளும். அதற்கென்றே காப்பிப்பொடி நிறத்தில், காலர் நைந்த ஒரு சட்டை வைத்திருந்தார். அம்மா அதைக் கரித்துணியாக்கப் பார்த்து இரண்டு முறை தோற்றிருக்கிறாள்.

மார்கழியின் கடைசி ஞாயிறு அது. பக்கத்திலிருக்கிற திருவேங்கடம் போகிற பாதையில் ஒரு கிராமத்துக் குளத்தில் பட்டைத்தலை வாத்து இறங்கியிருக்கிறது என்று அந்த ஊர்க்காரரான ஆபீஸ் பியூன் சொன்னாராம். இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். சித்தப்பா முன்னால் ஒருமுறை பார்த்ததாகச் சொல்லி வீட்டில் யாரும் நம்பவில்லை. அன்றைக்கு அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். இமயமலையிலிருந்து வருகிற விருந்தாளிக்கு அந்த மரியாதை வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் ஏறினோம். மேற்கே குளம் நிறைந்து கிடந்தது, அதற்கும் அப்பால் மலை. கிழக்கே கரையை ஒட்டி நெல்வயல், அதில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரையைச் சற்று வளைந்து போனதும், தண்ணீர் ஓரத்துப் புல்லில் நான்தான் முதலில் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய வாத்துகள், ஒவ்வொன்றின் தலையிலும் மையால் இழுத்த மாதிரி இரண்டு கோடு. எண்ணினேன், பதினொன்று. நோட்டில் எழுதினேன்.

“சித்தப்பா, எனக்குக் குடுங்க, ஒரு தடவ!”

அவர் காதில் விழவில்லை. பைனாகுலரைக் கண்ணில் ஒட்டியபடி நின்றார். இரண்டு தடவை கேட்டுவிட்டு, வாரைப் பிடித்து இழுத்தேன். குனிந்து என் கண்ணில் வைத்தார். வெயில் முகத்தில் சுள்ளென்று அடித்தது. உள்ளே வாத்தைக் காணோம். பச்சைப் பயிருக்கு நடுவே, சேலைக்கு மேல் கட்டம் போட்ட ஆம்பிளைச் சட்டை மாட்டிய ஓர் அக்காதான் தெரிந்தாள். அந்த அக்கா நிமிர்ந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இங்கன வாத்து ஒண்ணும் இல்ல சித்தப்பா, ஒரு அக்காதான் நிக்கா. வாத்து அங்கன!” என்று அவர் முழங்கையைப் பிடித்துக் குளத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். சித்தப்பா மறுபேச்சுப் பேசாமல் திரும்பினார்.

அப்போதுதான் வயலிலிருந்து ஓர் ஆள் மண்வெட்டியோடு கரை ஏறி வந்தார்.

“யாரு வே நீரு? பொம்பளைங்க களையெடுக்க எடத்துல கண்ணாடி வச்சு என்ன பார்வ?” என்றவர், பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். “நீரு தாலுகா ஆபீஸ்காரருல்லா? எந்தங்கச்சியப் பாக்க வெள்ளிக்கிழம முறையா வாரவருல்லா நீரு?”

விசாரிப்பதற்காக ஆபீஸ் வரைக்கும் வந்து சித்தப்பாவைத் தூர நின்று பார்த்துவிட்டுப் போன பெண்ணின் அண்ணன் அவர். அது பெண்ணின் ஊர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சித்தப்பா பைனாகுலரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பெண்ணின் அப்பாவும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். முறைப்படி வருவதற்கு முன்னால் திருட்டுத்தனமாகப் பார்க்கிறவனுக்குப் பெண் கிடையாது என்று அண்ணன் கத்தினார். அப்பாவின் தீர்ப்பு என் கண் முன்னால் வந்தது. கடையநல்லூர் பஸ்ஸில் பைனாகுலர் ஏறிப் போவதை அப்படியே பார்த்தேன்.

நான் அழுதுகொண்டே நடுவில் புகுந்தேன்.

“எங்க சித்தப்பா வாத்தத்தான் பாத்தாவ! கோமதியம்மன் மேல சத்தியமா, வாத்தத்தான் பாத்தாவ!”

கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் கோமதியம்மன் பேரில் பொய்ச் சத்தியம் செய்தால் புற்றிலிருந்து பாம்பு தேடி வரும் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அதிலும் அம்மன் குடியிருக்கிற சங்கரன்கோவிலிலேயே இருக்கிற பிள்ளை செய்கிற சத்தியம்.

பெண்ணின் அப்பா மகனைப் பார்த்து, “ஏலே, கத்தாத. சின்னப்பிள்ள சத்தியம் பண்ணுதுல்லா” என்றார். பிறகு என்னிடம், “எங்க தாயி அந்த வாத்து?” என்று கேட்டார்.

பைனாகுலரை அவர் கண்ணில் வைத்து, வாத்துப் பக்கம் திருப்பினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். சக்கரத்தைத் திருகியதும் அவர் வாய் மெல்லத் திறந்தது. “அட, நாமத்தக் குறுக்கால போட்டிருக்கு!” என்றார். பிறந்ததிலிருந்து அந்தக் கரையிலேயே நடந்தவர், குளத்தில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லையாம். கால்மணி நேரம் பைனாகுலரை யாருக்கும் கொடுக்கவில்லை. மகன் இரண்டு தடவை கேட்டு, மூன்றாம் தடவை கெஞ்சித்தான் வாங்கினார். மண்வெட்டி கீழே கிடந்தது.

அப்புறம் திருவிழாதான். களை எடுத்த பெண்களும் சேற்றுக்காலோடு கரை ஏறி முறைபோட்டுப் பார்த்தார்கள். வரிசையை ஒழுங்குபண்ணுகிற அதிகாரம் என் கையில் இருந்தது. சித்தப்பா வெட்கப்பட்டு, ஐம்பதடி தள்ளிப் பனைமரத்தடியில் சைக்கிளைத் துடைப்பது மாதிரி நின்றார். கட்டம் போட்ட சட்டை அக்காவின் முறை வந்தது. அவளுக்குப் பார்க்கவே தெரியவில்லை. குளம் ஒரு பக்கம் இருக்க, பனைமரத்துப் பக்கமாகப் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வாத்து அங்கன இல்லக்கா, இங்கன!” என்று அவள் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அக்கா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரித்தாள். இவ்வளவு எளிய விஷயம்கூடத் தெரியாத அக்காவாக இருக்கிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு போனபோது அந்த அக்காதான் பட்டுச்சேலையில் வந்து நின்றாள். “தப்பான பக்கம் பாத்த அக்கா!” என்று நான் கத்தியதும், அம்மா என் வாயில் கேசரியை அடைத்தாள். பைனாகுலரை அன்றைக்கென்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார் அப்பா. பெண்ணின் அப்பா வாசலிலேயே சித்தப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, “கண்ணாடி கொண்டாந்தியளா?” என்பதுதான். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார்.

தை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு மார்கழி ஞாயிறுகளில் சைக்கிளில் மூன்று பேர் போனோம். சித்தி கேரியரில், நான் முன்கம்பியில். சித்திக்குப் பைனாகுலர் பார்க்க நன்றாகவே தெரிந்திருந்தது. சித்தப்பா சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிட்டார் போலும் என்று நினைத்தேன்.

போன வருஷம் மார்கழியில் ஒரு காலைநேரம் அதே கரையில் தனியாக நின்றேன். குளத்தைப் பார்த்து நின்றபோது வெயில் முதுகில் இதமாக ஏறியது. காலை வெயிலில் குளத்தைப் பார்க்கிற யாருக்கும் முதுகில்தான் வெயில் அடிக்கும். எனக்குச் சட்டென்று அந்த ஞாயிறு முகத்தில் சுள்ளென்று அடித்த வெயில் ஞாபகம் வந்து, ஆளில்லாத கரையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அம்மன் ஒரு குட்டிப் பாம்பைக்கூட அனுப்பவில்லை. அவளுக்கும் அந்தச் சம்பந்தம் பிடித்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு வரும் வரைக்கும் சித்தப்பா சீட்டியடித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தார். எதிர்க்காற்றையும் மேட்டையும் அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பட்டைத்தலை வாத்து என்றால் எவ்வளவு ஆசை இந்தச் சித்தப்பாவுக்கு என்று வியந்தபடி, நோட்டில் எழுதிய பதினொன்றுக்குக் கீழே நான் இரண்டு கோடு போட்டேன்.