பெல்ட்டுக்குள் இருந்த மேடு

நாலு மாதத்துக்கு முன்னால் இருபத்தெட்டு டிகிரி இருந்த ஸ்டெல்லாவின் முதுகு வளைவு, அன்றைய எக்ஸ்ரேயில் முப்பத்தைந்து ஆகியிருந்தது. மாதம் ஒரு நாள் பாண்டிச்சேரியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் எலும்பு டாக்டர் ஸ்கேலை வைத்து இரண்டு தடவை கோடு போட்டுப் பார்த்தார். பிறகு படத்தை என் பக்கம் தள்ளினார்.

"பெல்ட் போட்டும் ஏறுது. நாற்பத்தஞ்சைத் தாண்டிட்டா ஆபரேஷன் பத்திதான் பேசணும். முதுகெலும்புல ராடு, ஸ்க்ரூ. பொண்ணு ஒழுங்கா போடுதா இல்லையான்னு நீங்களே கேளுங்க."

விருத்தாசலத்தில் முப்பது வருஷம் கால் பிரேஸ், முதுகு பெல்ட் செய்தவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் கைராசியைப் பற்றிச் சொல்வதைவிட, நான் கோட்டை விட்ட கதையைச் சொல்வது உபயோகமாக இருக்கும்.

ஸ்டெல்லாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஸ்கோலியோசிஸ். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே கொஞ்சம் திருகிக்கொள்ளும். ஒரு தோள் ஏறித் தெரியும். குனியச் சொன்னால் ஒரு பக்க விலா மேடாக நிற்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணமே தெரியாது. ஸ்கூல் பை தூக்கியதால் வருவதில்லை, கோணலாக உட்கார்ந்ததாலும் வருவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் தாயைப் போட்டு வறுத்தெடுப்பார்கள்.

வளைவு சின்னதாக இருந்தால் அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கவனித்தாலே போதும். நடுத்தரமாக இருந்து, பிள்ளையும் வளர்கிற வயதில் இருந்தால் பெல்ட், அதாவது உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கூடு. அது வளைவை அடியோடு நேராக்கிவிடாது, வளர்ந்து முடிக்கும் வரை ஏறாமல் பிடித்து நிறுத்தும். குளிக்க, விளையாட, உடற்பயிற்சி செய்யக் கழற்றலாம். மற்ற நேரமெல்லாம் உடம்பில் இருக்க வேண்டும், தூங்கும்போதும்கூட.

அவளுடைய அப்பா அந்தோணி செராமிக் கம்பெனியில் பிளாஸ்டர் அச்சு செய்யும் மோல்டு செக்‌ஷன். அளவெடுக்க ஸ்டெல்லாவின் உடம்பில் நான் பிளாஸ்டர் துணியைச் சுற்றிய அன்று, "இது எங்க சரக்காச்சே சார்!" என்று சிரித்தார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி உடம்பின் மாதிரி எடுத்ததையும், அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி இழுத்துப் போர்த்தியதையும் கூடவே நின்று பார்த்தார். தொழில் தெரிந்த ஆளுக்கு நான் என்ன விளக்குவது என்று இருந்துவிட்டேன். ஒரு மாதத்தில் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

நாலு மாதம் கழித்து அந்த எக்ஸ்ரேயோடு அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். நர்ஸ் பெல்ட்டைக் கழற்றி, சட்டையைத் தூக்கிக் காட்டினார். பெல்ட்டுக்குள் மேடாக நான் ஒட்டியிருந்த பேடு அழுத்தும் இடத்தில் தோல் லேசாகச் சிவந்திருக்க வேண்டும். ஒரு தடமும் இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

"தெனம் எத்தன மணி நேரம் போடுற?"

"ஸ்கூலுக்கும் போட்டுட்டுதான் போறேன் சார். படுக்கும்போதும் போட்டுக்கிறேன்."

"பொய் சொல்லாத. போட்டிருந்தா இங்க செவந்திருக்கும்."

அவள் அழவில்லை. தலை குனிந்துகொண்டாள். அம்மா லூர்துமேரிதான் வெடித்தார்: "என் கையால மாட்டி வுடுறேன் சார். வெயில்ல வேர்த்துக் கொட்டுனாலும் கழட்ட மாட்டா. அப்ப நானும் பொய் சொல்றேங்கிறீங்களா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப ஆபரேஷனுக்கு ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டேன், பிள்ளையின் காது கேட்க. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அதே கோபத்தோடு பெல்ட்டைக் கையில் எடுத்தேன். உள்ளே விரல் வழுக்கிக்கொண்டு போனது. பேடைக் காணோம். பிய்ந்து விழவில்லை, கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விளிம்பெல்லாம் உருட்டி விடப்பட்டிருந்தது. என் வேலைகூட அத்தனை சுத்தமாக இருக்காது. வெளியே நின்ற அந்தோணியைக் கூப்பிட்டேன்.

"யாருங்க இதச் சீவுனது?"

"நான்தான் சார். உள்ள மேடா இருந்துச்சு. புள்ள அங்கதான் செவந்து எரியுதுன்னா. மோல்டுக்குள்ள மேடு இருந்தா பீஸுல பள்ளம் வுழுந்துடும். நாங்க ஒடனே சீவிடுவோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"ஒரு வேலக்காரர் செஞ்சதுல நொட்ட சொல்ற மாதிரி ஆயிடுமே சார். நீங்க சங்கடப்படுவீங்கன்னு வூட்லயும் யாரும் சொல்லாதீங்கன்னுட்டேன்."

"அந்த மேடுதாங்க வைத்தியமே" என்றேன். "அது அழுத்துறதாலதான் முதுகு அந்தப் பக்கம் சாயாம நிக்குது. அழுத்துற எடம் செவக்கணும், புண்ணாவக் கூடாது. கழட்டுனா அரை மணி நேரத்துல மறைஞ்சுடணும்."

அவர் முகம் வெளிறிவிட்டது. "அப்ப நான்தான் ஏத்தி வுட்டுட்டனா சார்?"

"நான் சொல்லாம வுட்டேன். அதனாலதான் ஏறிச்சு."

உடம்பு வளர்ந்திருந்ததால் பழையதில் பேடு ஒட்டிப் பயனில்லை. மறுபடி அளவெடுத்தோம். இந்தத் தடவை பிளாஸ்டர் மாதிரியில் நான் சீவிய ஒவ்வோர் இடத்திலும் அந்தோணியின் கட்டைவிரலை வைத்து, இங்கே ஏன் அழுத்தம், எதிரே ஏன் இடைவெளி என்று சொன்னேன். பரீட்சைப் பாடம் போல அவர் திருப்பிச் சொன்னார்.

அடுத்த நாலு மாதமும் எனக்குப் பயம்தான். அவள் மளமளவென்று உயர்ந்துகொண்டிருந்தாள். உயரம் கூடுகிற வேகத்தில்தான் வளைவும் ஏறும். வாரா வாரம் அவளை வரச்சொல்லி பெல்ட்டைப் பார்த்தேன்.

எக்ஸ்ரே வந்தது. டாக்டர் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். அந்தோணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்தஞ்சு. ஏறல. இப்படியே போனா ஆபரேஷன் தேவைப்படாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா போட்டிருக்கம்மா" என்றேன் ஸ்டெல்லாவிடம்.

"அன்னிக்கும் நல்லாதான் போட்டிருந்தேன் சார்."

மன்னிப்புக் கேட்டேன். முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. வளைவு ஏறியிருந்தால் முதலில் பெல்ட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். அப்புறம், வீட்டாரிடம் எதைச் சொல்லாமல் விட்டோம் என்று யோசியுங்கள். பிள்ளையைச் சந்தேகப்படுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.