பால் இறங்கும் நேரத்தில் கேட்ட நாவல்

அண்மையில் என்ன வாசித்தீர்கள், எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும் என்று நம் வாசகர் வட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். மற்றவர்கள் எல்லாம் டக்கென்று அட்டைப்படம் போட்டுவிட்டார்கள். நான் மூன்று நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். குழுவில் போட முடியாது என்று தெரிந்த பிறகுதான் உங்களுக்கு மட்டும் இதை எழுதுகிறேன்.

முதலில் ரசனையைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் வாசிக்கிறேன். அங்கே ஒருத்தி தலைவிதியே என்று உட்கார்ந்திருந்தால் புத்தகத்தை மூடி அலுமாரிக்குள் தள்ளிவிடுவேன். எனக்கே இது புதுப் பழக்கம், ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்பு நான் நேர் எதிர். கதை நல்லபடியாக முடிந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிற ஆள். அழவைக்காத புத்தகம் எனக்குப் புத்தகமே இல்லை.

போன மாதம் கேகாலை பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பழைய புத்தகம் விற்கிறவர் பொலித்தீனை இழுத்துப் புத்தகங்களை மூடிக்கொண்டிருந்தார். மூடுவதற்கு முன் ஒரு சிங்களப் புத்தகத்தின் பச்சை அட்டை கண்ணில் பட்டது. கரையில் ஏற்றிவிட்ட ஒரு படகு, பக்கத்தில் ஒரு பனங்கூடை. பல வருஷத்துக்கு முன் ஒரு சிநேகிதியின் மடியில் பார்த்த அதே அட்டை. கையில் எடுத்தால் ஈரக் காகிதத்தின் புளித்த வாடை. அந்த வாடைக்கும் ரப்பர் மரத்தடியில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலின் வாடைக்கும் அதிக தூரம் இல்லை. ஒட்டுப்பால் நாற்றம் தெரியாதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? குளித்தாலும் போகாது. கல்யாண வீட்டில் பவுடர் பூசிக்கொண்டு நின்றாலும் நாங்கள் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கேகாலைப் புடவைக்கடையில் துணி கிழிக்க வருவதற்கு முன்பு நான் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினேன். விடியும்போதே மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவிச் சிரட்டையைப் பொருத்திவிட வேண்டும். பிறகு பால் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சிரட்டை நிறையும் வரை வேலை இல்லை. அந்த இரண்டு மணி நேரம் தோட்டத்தில் யாருக்கும் சொந்தமில்லாத நேரம். என் மரங்களும் இந்திராணியின் மரங்களும் ஒரு பாறையில் வந்து முட்டும். இரண்டு பேரும் அங்கேதான் காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவோம்.

இந்திராணி மேல் டிவிஷன், நான் கீழ் டிவிஷன். இருவருக்கும் ஒரே வயது. அவள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் சிங்களப் பள்ளிக்கூடம்தான் இருந்தது, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆற்றைத் தாண்ட வேண்டும். அவளுடைய அப்பா மகளை ஆற்றில் விடுவதை விடச் சிங்களத்தில் விடுவது மேல் என்று முடிவு செய்துவிட்டார். அதனால் வீட்டில் பேசுவது தமிழ், வாசிப்பது சிங்களம். தமிழில் ஓர் எழுத்து தெரியாது. எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். சிங்கள எழுத்து அந்த நாளில் எனக்கு ஜிலேபி பிழிந்த மாதிரி.

இரண்டு பேருக்கும் புத்தகப் பைத்தியம். ஒருத்தி புத்தகத்தை இன்னொருத்தி வாசிக்க முடியாது. அதனால் சொல்லிக்கொண்டோம். நான் யட்டியாந்தோட்டைக் கடையில் இரவல் வாங்கிய தமிழ் நாவல்களை அவளுக்குச் சொல்வேன். அவள் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் வாங்கும் சிங்கள நாவல்களை எனக்குச் சொல்வாள். அவள் கதை சொல்வது தனி அழகு. நடுவில் நிறுத்தி, "இத்திங்..." என்பாள். சிங்களத்தில் அப்புறம் என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு வேண்டுமென்றே பால் போடாத தேநீர், அந்தச் சாயத்தண்ணிப் போத்தலைத் திறந்து குடிப்பாள். "அடியே, சொல்லித் தொலையேன்!" என்று நான் கத்துவேன். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கதை கேட்பதோடு நான் நின்றிருக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குப் பெரிய விமர்சகர் என்று நினைப்பு. இது நல்ல கதை, இது சப்பைக் கதை, இந்த இடத்தில் இவர் கோட்டை விட்டுவிட்டார் என்று ரொட்டியை மென்றுகொண்டே தீர்ப்புச் சொல்வேன். இந்திராணி என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நீ சொன்னா சரியாத்தான் புள்ள இருக்கும்" என்பாள்.

அவளுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை பிறந்த பிறகு கொண்டுவந்ததுதான் அந்தப் பச்சை அட்டைப் புத்தகம். சொப்பிங் பேக்கில் சுற்றி எடுத்துவருவாள். கடலோரத்தில் சோமா என்று ஒருத்தி. புருஷன் படகுக்காரன், குடித்தால் கை நீளும். தூர ஊரில் சோமாவுக்கு ஓர் அக்கா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, ஓர் அறையை உனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று அக்கா ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்புகிறாள். சோமா பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போவதும் திரும்பி வருவதுமாக இருக்கிறாள். இந்தக் கதை மூன்று வாரம் ஓடியது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னா புள்ள, ஒரே அடியும் ஒதையுமா இருக்கு? எழுதினவருக்கு வேற ஒண்ணுமே தெரியாதா?"

"அனே, அவ்வளவுதான் எழுதியிருக்கு" என்றாள், சிங்களத்தில் ஐயோ என்கிற மாதிரி.

இந்திராணிக்குக் கலவானையில் ஓர் அக்கா இருந்தது எனக்குத் தெரியும். இந்திராணியின் புருஷன் குடிப்பான் என்றும் தெரியும், குடிக்காத புருஷனை அந்த நாளில் விரல் விட்டு எண்ணலாம். பால் வெட்டப் போகிற பெண்கள் எல்லோரும் கொசுவுக்குப் பயந்து ஆம்பிளைகளின் முழுக்கைச் சட்டையைத்தான் போட்டிருப்போம், அதனால் அவள் கையில் என்ன இருந்தது என்று நான் பார்த்ததில்லை. இதெல்லாம் இப்போது சொல்லும் சமாதானம். எனக்கு அன்று ஒரு நொடி கூட உறைக்கவில்லை. அதுதான் உண்மை.

ஒரு நாள் புத்தகத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சு போயிருக்கு. நீதான் நெறைய வாசிக்கிறவ, நீயே சொல்லு. அவ அக்கா வீட்டுக்குப் போவாளா, மாட்டாளா?"

"போகமாட்டா" என்றேன். யோசிக்கவே இல்லை. "போனா அது சினிமாப் படம். இருந்து அனுபவிச்சாத்தான் நாவல். அப்பத்தான் வாசிக்கிறவங்க மனசுல நிக்கும்."

"பிள்ள இருக்கே?"

"பிள்ளைக்காகத்தான் இருப்பா."

"இத்திங்?"

"இத்திங் என்ன இத்திங், முடிஞ்சிருச்சு."

அவள் புத்தகத்தைத் திரும்பச் சொப்பிங் பேக்கில் சுற்றினாள். சிரட்டைகளில் பால் நிறைந்துவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்துக்கு அவள் போனாள், என் பக்கத்துக்கு நான் போனேன். நல்ல முடிவு சொன்னோம் என்று எனக்குள் பெருமை வேறு.

அந்த வருஷத் தீபாவளிக்குப் பிறகு அவள் ஒரு மாதம் வேலைக்கு வரவில்லை. பீலியடியில் தண்ணி எடுக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள். திரும்பி வந்தபோது இடது கண் வெள்ளையாக இருந்தது. பட்டை எவ்வளவு ஆழம் சீவுகிறோம் என்று கண் சரியாகப் பார்க்க வேண்டும், அதனால் அவளைப் பால் வெட்டில் இருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டுவிட்டார்கள். பாறையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். வழுக்கித்தான் விழுந்தாளா என்று அப்போது சந்தேகம் வந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் கேட்கவில்லை. அடுத்த வருஷம் கேகாலைக்கு வந்துவிட்டேன்.

கடைக்கு வரும் சனங்களோடு பேசிப் பேசிச் சிங்களம் வந்தது. பஸ் போர்டில் எழுத்துக் கூட்டப் பழகி, பிறகு பத்திரிகை, பிறகு கதைப் புத்தகம். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய அந்தப் பச்சை அட்டை நாவலை நான்கு நாளில் வாசித்து முடித்தேன். அது இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு படகுக்காக அடித்துக்கொள்ளும் கதை. சோமா என்று யாருமே இல்லை. அடிக்கிற புருஷன் இல்லை. அக்கா இல்லை, அறை இல்லை. முதலில் வேறு புத்தகமோ என்று நினைத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது தடவை வாசிக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. மூன்று வாரமாக இந்திராணி எனக்குச் சொன்னது அவளுடைய கதையை.

மறு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் மரம் ஒன்று கூட இல்லை. மலை முழுக்க எண்ணெய்ப்பனை, எங்கள் பேச்சில் முள்ளுத்தேங்காய், போட்டிருக்கிறார்கள். அதில் குலை வெட்டுவதும் சுமப்பதும்தான் வேலை, பால் இறங்கட்டும் என்று யாரும் உட்காருவதில்லை. எங்கள் பாறையையும் ரோட்டுக்காக உடைத்திருந்தார்கள்.

இந்திராணி லயத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது கண்ணும் மங்கிவிட்டது, குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தாள். உள்ளே கட்டிலில் அவள் புருஷன் கை கால் விழுந்து கிடந்தான். மகள் கொழும்பில் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறாளாம். அதே பச்சை அட்டைப் புத்தகம் என்று சொல்லி அவள் கையில் வைத்தேன். அட்டையைத் தடவினாள்.

"இதுல சோமா இல்லையே புள்ள" என்றேன்.

"அது வேற புஸ்தகமா இருக்கும்."

"இல்ல. இதேதான்."

கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நீ சொன்னது நல்ல முடிவுதான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "புஸ்தகத்துக்கு" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. உள்ளே இருந்து அவன் ஏதோ சத்தம் போட்டான், புரட்டிப் படுக்க வைக்க எழுந்து போனாள். திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல், சாயத்தண்ணி போடட்டுமா என்று கேட்டாள்.

கிளம்பும்போதுதான் கலவானை அக்காவைப் பற்றிக் கேட்டேன். செத்து ஆறு வருஷமாகிவிட்டதாம். இந்திராணி என்றைக்காவது வருவாள் என்று வீட்டுப் பக்கத்து அறையில் யாரையும் படுக்கவிடாமல், ஒரு பாயும் பிள்ளைக்கு ஒரு தொட்டில் சேலையும் கடைசி வரை வைத்திருந்தாளாம். பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அந்தச் சேலையை எடுக்கவில்லையாம். போன வருஷம் அக்கா மகன் வீட்டைப் பெருப்பித்துக் கட்டும்போது அந்த அறையை இடித்துவிட்டானாம்.