கவாச்சியில் வெறுங்கால்

பெருவின் பாலைவனத்தில், இன்காக்களுக்கும் முந்திய நாஸ்கா மக்கள் வழிபட்ட கவாச்சி மேட்டின் அடியில் நிற்கிறேன். உச்சியில் மண்கல் சுவர்கள் தெரிகின்றன. மாடிப்படியே ஏறக்கூடாது என்று மெல்பேர்ண் டொக்டர் சொன்ன முழங்காலோடு, செருப்பைக் கழற்றுகிறேன்.

"சுடும், சென்யோரா! எல்லாரும் சப்பாத்தோடுதான் ஏறுவார்கள்," என்று தெரிந்த ஆங்கிலத்தில் கத்துகிறார் ஜீப் சாரதி.

"கோயில் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? செருப்போடை எப்பிடி ஏறுறது?"

மணல் தோசைக்கல்லாய்ச் சுடுகிறது. நின்றால் கால் வெந்துவிடும். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுகிறேன், ஐம்பத்தெட்டு வயதில்! சுவர் நிழலில் போய் நின்றுதான் திரும்பிப் பார்க்கிறேன். சாரதி சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு துள்ளித் துள்ளி ஏறி வருகிறார்.

"வாங்கோ, வாங்கோ!" என்று வீட்டுக்காரி மாதிரி வரவேற்கிறேன்.