கம்பெனி பஸ் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை

தண்ணீர் லாரி எப்போது வரும், ஒரகடம் கம்பெனி பஸ் கிளம்பிவிட்டதா என்று சொல்லிக்கொள்ளத்தான் வடக்குப்பட்டில் எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. கொரோனா இரண்டாம் அலையில், அந்தக் கம்பெனியில் வேலை செய்யும் என் மகளுக்குத் தொற்று உறுதியானதும் அதை அந்தக் குழுவில் எழுதியவள் நானேதான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளோடு பஸ்ஸில் வந்தவர்கள் பரிசோதனை செய்துகொள்ளட்டும் என்று எழுதினேன். படித்தவள் செய்யவேண்டியது அதுதான் என்று நினைத்தேன்.

கால் மணி நேரத்தில் எதிர்வீட்டுக்காரரின் குரல் பதிவு வந்தது. இந்த மகளைப் பெற நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆட்டோ பிடித்து வந்தவர் அவர்.

“பஸ்ல எவன் கூட ஒரசினு வந்துச்சோ, சீக்க கொண்டாந்து தெருவுல வுட்டுச்சு. பொண்ணு சம்பளத்துல வூடு கட்றவங்களுக்கு இதெல்லாம் கண்ணுல படுமா? இனிமே பஸ்ஸ உள்ள வுடாதீங்கப்பா.”

கீழே சிரிப்புப் பொம்மைகள். என்னிடம் மூன்று வருடம் கணக்கு டியூஷன் படித்தவனின் அம்மா, “அது மூஞ்சியப் பாத்தாலே தெரியும்” என்று எழுதினாள். கஞ்சியோடு அறைக்கு வெளியே நின்றேன். உள்ளே மகளின் போனில், அவள் இருமலுக்கு நடுவே, அதே குரல் திரும்பத் திரும்ப ஓடியது.

நாலைந்து பேர் கம்பெனிக்குப் புகார் செய்தார்கள். பஸ் உள்ளே வருவது நின்றது. அவள் தேறி வேலைக்குப் போன நாள் முதல் மெயின் ரோடு வரை நடக்கிறாள், முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு. ஊரே மாஸ்க்கைக் கழற்றி எறிந்து வருடங்களாயிற்று. அவள் இன்னும் மூடுகிறாள்.

போன மாதம் எதிர்வீட்டுக்காரரின் மகளுக்கும் அதே கம்பெனியில் வேலை கிடைத்தது. குழுவில் எழுதினார்: “நம்ம தெருவுக்கு மட்டும் ஏன் பஸ் வர்றதில்ல? வயசுப் பொண்ணு அவ்ளோ தூரம் எப்டி நடக்கும்? யாராச்சும் பேசுங்கப்பா.”

அந்தக் குரல் பதிவை நான் அழிக்கவே இல்லை. அதையே பதிலாகப் போடப் போனேன். மகள் போனைப் பிடுங்கினாள்.

“வேணாம்மா. போட்டா அவரையா கேப்பாங்க? எவன் கூட வந்தேன்னு மறுபடியும் என்னத்தான் கேப்பாங்க.”

பதிவைப் போடவில்லை. “பஸ்ஸை உள்ளே விடாதீர்கள் என்று சொன்னது நீங்கள்தான்” என்று மட்டும் எழுதினேன். ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார். அதன் கீழே வேறு யாரோ, “தண்ணி லாரி வந்துகினு கீது” என்றார்கள்.

குடத்தோடு போனேன். வரிசையில் அவர் நின்றிருந்தார்.

“வாங்க டீச்சர், முன்னாடி வாங்க” என்று விலகி இடம் விட்டார்.

நான் கடைசியில் போய் நின்றேன்.